செசிலியின் குதிரைக்குப் பேர் பிடித்த கதை

கோடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரைகள் சவாரி போகத் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. அதை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் ஒருவர் வெள்ளைக்காரன் என்பார், இன்னொருவர் எங்க அப்பாவைப் பெத்தவர் என்பார், மூன்றாமவர் குதிரைகளே ஏற்படுத்திக்கொண்டது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வழக்கம் இதுதான்: புதுக்குதிரை ஒன்று மலையேறி வந்தால் முதலில் அதற்குப் பேர் பிடிக்க வேண்டும், பிறகுதான் நிறம் கட்ட வேண்டும். சொந்தக்காரர் உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நின்று ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். குதிரை தலையைத் திருப்பி அவரைப் பார்த்து வெல்லத்தைத் தின்றால் பேர் பிடித்துவிட்டது, இல்லையென்றால் வேறு பேர் சொல்ல வேண்டும். பேர் பிடித்த குதிரைக்கு அந்தந்த வீட்டு நிறத்தில் நெற்றிப்பட்டையும் கடிவாள வாரும் சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பும் பிடரியில் பின்னுகிற ரிப்பனும் கட்டுவார்கள், அதனால் மூடுபனிக்குள் தூரத்தில் ஒரு நிறம் அசைந்து வந்தாலே இது இன்னார் வீட்டுக் குதிரை என்று சோளக்கதிர் விற்கிறவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். பேரும் நிறமும் இல்லாத குதிரை ஏரிக்கரை வரிசையில் நிற்கக் கூடாது.

செசிலி வீட்டு நிறம் கிளிப்பச்சை. சரியாகச் சொன்னால் அது செசிலியின் நிறம் இல்லை, அவள் புருஷன் சூசையின் நிறம். சூசை பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறேன் என்று மலையிறங்கியவன். குதிரையும் வரவில்லை, அவனும் வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. கிளம்புகிற அன்று காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான், அதுதான் அவளுக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் நினைத்து நினைத்துக் கோபப்படவாவது ஒன்று கிடைத்திருக்கும். போலீசில் சொன்னார்கள், பேப்பரில் படம் போட்டார்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள். திருப்பூரில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார், பாலக்காட்டில் பார்த்தேன் என்று இன்னொருத்தர் சொன்னார், பிறகு சொல்கிறவர்கள் குறைந்து, கேட்கிறவர்களும் குறைந்து, கடைசியில் செசிலி மட்டும் மிச்சமிருந்தாள். இருந்த ஒரே கிழட்டுக் குதிரையை வைத்துக் காலத்தை ஓட்டினாள். அது செத்துப்போனதும் காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் விற்றுவிட்டு அவளே அந்தியூருக்குப் பஸ் ஏறினாள்.

குதிரை பார்க்கப் போனாளா, ஆளைப் பார்க்கப் போனாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சந்தை முழுக்கச் சுற்றினாள், குதிரைகளைப் பார்த்ததைவிடக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆம்பிளைகளின் முகங்களைத்தான் அதிகம் பார்த்தாள், அதில் சிலபேர் இந்தப் பொம்பிளை ஏன் நம்மை இப்படி உற்றுப்பார்க்கிறாள் என்று மீசையைத் தடவிக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் செம்பழுப்பு நிறத்தில் நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பெட்டைக்குதிரை அவள் முந்தானையை வாயில் கவ்வி இழுத்தது. சரி, இதுவாவது நம்மைப் போகவிடாமல் இழுக்கிறதே என்று அதையே வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

வந்தவுடன் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். மூஞ்சிக்கல் கடையில் முன்கூட்டியே சொல்லித் தைத்து வைத்திருந்த கிளிப்பச்சை வாரும் விரிப்பும் வீட்டில் தயாராக இருந்தன. வெறும் உடம்போடு நின்ற குதிரையை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேர் பிடிக்காமலே பச்சையைக் கட்டினாள், பிடரியைப் பிரித்து ரிப்பன் வைத்துப் பின்னினாள், பின்னிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது யாரோ வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் குதிரை பார்க்க வந்த காஜா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்தான் குதிரைக்காரர் சங்கத்துக்குத் தலைவர், வயதானவர், பொண்டாட்டி தவறிய பிறகு தாடியை மட்டும் வளர்த்துக்கொண்டு வேறு எதையும் வளர்த்துக்கொள்ளாதவர்.

"என்ன செசிலிம்மா இது? பேரு பிடிக்காம கலரு கட்டிருக்கே?"

"சும்மா அளவு பாத்தேன் பாய்."

"அளவு பாக்கவா பிடரியில ரிப்பன் பின்னுவாங்க? பேரில்லாத குதிரைக்குக் கலரைக் கட்டுனா அது கலருக்காரனைத் தேடும்னு சொல்லுவாங்கம்மா. அவுத்துரு. வெள்ளிக்கிழமை பேரைப் பிடிச்சிட்டு, பெறகு பச்சையோ செவப்போ உன் இஷ்டம்."

செசிலி தலையாட்டினாள், ஆனால் அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக் கொல்லையில் ஏரிக்கரை ஆட்கள் எல்லாரும் கூடினார்கள். பேர் பிடிக்கிற அன்று சுண்டல் கொடுப்பது வழக்கம், அதனால் குதிரையோடு சம்பந்தமில்லாத ஆட்களும் வந்திருந்தார்கள். செசிலி வெல்லத்தை நீட்டிக்கொண்டு "ராணி" என்றாள். குதிரை தலையைத் திருப்பியது, ஆனால் அவள் பக்கம் திருப்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பேரிக்காய் மரத்துக்கு மேலே, வடமேற்கே பார்த்தது. "ஜான்சி" என்றாள், வடமேற்கே பார்த்தது. "மின்னல்" என்றாள், "ரோசி" என்றாள், "புயலு" என்றாள், வடமேற்கேதான் பார்த்தது. பேரிக்காய் ஆசையாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, பறித்துக் கொடுத்தார்கள், நறுக் நறுக்கென்று தின்றுவிட்டு மறுபடி வடமேற்கே பார்த்தது. குதிரையை அப்படியே சுற்றித் தெற்குமுகமாகக் கட்டிவிட்டுக் கூப்பிடச் சொன்னார்கள். கழுத்தை வளைத்துத் தன் முதுகுக்கு மேலே வடமேற்கே பார்த்தது.

"உன் கை ராசி இல்லம்மா, தள்ளு" என்று காஜா பாய் வெல்லத்தை வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ராணி" என்று கூப்பிட்டார். குதிரை தலையைத் தெற்கே திருப்பியது. அந்தப் பக்கம் சரிவில் நாலு வீடுகளும் ஒரு கேரட் தோட்டமும் அதற்கப்பால் கபர்ஸ்தானும்தான் உண்டு. பாய் இன்னொரு தடவை கூப்பிட்டார், குதிரை இன்னொரு தடவை அங்கேயே பார்த்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுச் சுண்டல்கூட வாங்காமல் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் பொண்டாட்டியின் கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

விஷயத்தை முதலில் விளங்கிக்கொண்டவள் படகுத்துறை வாசலில் சோளக்கதிர் சுட்டு விற்கும் பொன்னுத்தாயி. அவள் கூப்பிட்டபோது குதிரை கிழக்கே பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது, அவளும் அந்தத் திசையையே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். அவள் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான்.

"அது பேரைக் கேக்கலத்தா" என்றாள் பொன்னுத்தாயி மெதுவாக. "கூப்புடுறவ மனசுல யாரு இருக்கான்னு கேக்குது. இருக்கிற பக்கம் பாக்குது."

கொல்லையில் இருந்த அத்தனை பேரும் வடமேற்கே பார்த்தார்கள், பிறகு செசிலியைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் இலையில் இருந்த சுண்டலைப் பார்த்தார்கள். யாரும் சூசை பேரைச் சொல்லவில்லை. செசிலி வெல்லத்தை இறுகப் பிடித்திருந்ததில் அது கையெல்லாம் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. வடமேற்கே சூசை இருக்கிறான், அதுவரைக்கும் சரி. ஆனால் காஜா பாய்க்குக் கபர்ஸ்தானைக் காட்டிய குதிரை அது. வடமேற்கே இருப்பது ஆளா, ஆளைப் புதைத்த இடமா என்று அது சொல்லவில்லை.

இப்படி ஒரு குதிரை ஊருக்குள் வந்தால் ஊர் என்ன செய்யும்? முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் வரிசையில் நின்றது, மூன்றாம் வாரம் குதிரையோடு பழகிவிட்டது. பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளை நினைத்துக்கொண்டு ஒருத்தி வந்து கூப்பிட்டாள், துபாய்க்குப் போனவனை நினைத்து ஒருத்தி, செத்துப்போன தங்கச்சியை நினைத்து ஒருத்தி. எல்லாரும் குதிரை காட்டிய பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனசு லேசாகி வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள். பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி இரண்டு பேர் வெவ்வேறு நாளில் வந்தார்கள், குதிரை அண்ணனுக்குத் தம்பி வீட்டையும் தம்பிக்கு அண்ணன் வீட்டையும் காட்டியது, அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்றாலும் வாசலைப் பெருக்கும்போது குப்பையைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளுவதை நிறுத்திக்கொண்டார்கள். பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு பெருமையாக வந்த ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டபோது குதிரை பக்கத்தில் நின்ற பொண்டாட்டியை விட்டுவிட்டு ஆனந்தகிரிப் பக்கம் பார்த்தது, அவர் கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கும்படி ஆனது, அதன்பிறகு கல்யாணமான ஆண்கள் செசிலி வீட்டுத் தெருவழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் வந்து கூப்பிட்டபோது குதிரை வானத்தைப் பார்க்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அது தூத்துக்குடிப் பக்கம் பார்த்தது. அம்மா ஞாபகம், என்று சொல்லி அவர் கண்ணாடியைத் துடைத்தார், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் குதிரையைக் குறை சொல்லவில்லை.

போகப்போகக் குதிரைகூட வேண்டாமென்று ஆனது. சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் வழியில் கொஞ்சம் நின்று தங்கள் தங்கள் திசையைப் பார்த்துவிட்டு நடப்பார்கள். டீக்கடை மாஸ்டர் மேற்கே பார்ப்பார், அவரிடம் டீ வாங்குகிற டீச்சர் வடக்கே பார்ப்பாள், சில்லறை வாங்க இருவரும் திரும்பிக்கொள்வார்கள். சுற்றுலா வந்தவர்கள் இந்த ஊர் ஜனங்கள் இயற்கையை எப்படி ரசிக்கிறார்கள் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாருக்கும் குதிரை பயன்பட்டது, செசிலிக்குத்தான் அது குதிரையாகப் பயன்படவில்லை. பேர் பிடிக்காத குதிரை வரிசையில் நிற்க முடியாது, வரிசையில் நிற்காத குதிரைக்குச் சவாரி கிடையாது, ஆயுத பூஜை விடுமுறைக்கு வருகிற கூட்டத்தையும் விட்டுவிட்டால் அடுத்த கோடைவரை புல்லுக்கும் கொள்ளுக்கும் வழியில்லாமல் குதிரையை விற்கத்தான் வேண்டும். சங்கம் கூடி யோசித்தது. யாரையும் தேடாத ஒரு ஆள் கூப்பிட்டால் குதிரைக்குப் பார்க்க வேறு திசை இருக்காது, கூப்பிட்ட ஆளையே பார்த்துப் பேர் பிடித்துவிடும் என்று முடிவாயிற்று. ஆகவே அப்படி ஒரு ஆளை ஊருக்குள் தேடினார்கள்.

எனக்கு யாருமில்லை, யாரையும் நினைப்பதில்லை என்று மேடைக்கு மேடை சொல்லும் முன்னாள் கவுன்சிலர் ஒருவர் தானாகவே முன்வந்தார்; குதிரை நகராட்சி ஆபீஸைப் பார்த்தது. பூம்பாறைப் பக்கம் குகையில் இருந்த காவி கட்டிய சாமி ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். குதிரை தேனிப் பக்கம் பார்த்ததும் சாமி திருநீறுகூடக் கொடுக்காமல் எழுந்து போய்விட்டது. கல்லுளிமங்கன் என்று பேர் வாங்கிய வட்டிக்கடைக்காரர் கூப்பிட்டபோது அவர் சின்ன வயதில் வளர்த்த நாயைப் புதைத்த இடத்தைப் பார்த்தது. புதுசாகக் கல்யாணமாகி ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு வந்த வெளியூர் ஜோடியைக் கூப்பிடச் சொன்னார்கள், அந்தப் பெண்ணுக்குக் குதிரை அவள் அப்பா வீட்டுப் பக்கம் பார்த்தது. ஊரில் யாரையும் தேடாத ஆள் என்று ஒருத்தர்கூட இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரியவந்தது, தெரிந்தபிறகு ஒருவருக்கொருவர் கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"நீதான் பிடிக்கணும், வேற வழியில்ல" என்றார் காஜா பாய். "கொஞ்ச நேரம் அவனை நெனைக்காம இரும்மா."

"நெனைக்கக் கூடாதுன்னுதான் பாய் காலையில இருந்து நெனைச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள் செசிலி.

அவள் தினமும் பேர் சொல்லிப் பார்த்தாள். காலையில் லாயத்தைக் கூட்டிவிட்டு ஒரு பேர், தண்ணீர் காட்டிவிட்டு ஒரு பேர், அது வடமேற்கே பார்க்க, அவளும் பார்ப்பாள். திசை ஒரு விரல்கடைகூட நகராது. ஆள் என்றால் வேலைக்குப் போக வேண்டாமா, கடைக்குப் போக வேண்டாமா, இப்படியா அசையாமல் இருப்பான் என்று ஒருநாள் நினைப்பாள். அவ்வளவு தூரத்தில் இருப்பவன் நாலு தெரு நடந்தால் இங்கே எப்படித் தெரியும் என்று மறுநாள் சமாதானம் செய்துகொள்வாள். பேர் பிடிக்கவேண்டுமென்று கூப்பிடுகிறோமா, இல்லை அந்தத் திசையை இன்னொரு தடவை பார்க்கவேண்டுமென்று கூப்பிடுகிறோமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். இரண்டாவதுதான் உண்மை. பேர் பிடித்துவிட்டால் குதிரை அவள் குதிரை ஆகிவிடும், வடமேற்கு வெறும் வடமேற்கு ஆகிவிடும். அதற்கு அவள் மனசு ஒப்பவில்லை.

ஆயுத பூஜை அன்று எல்லாக் குதிரைகளையும் குளிப்பாட்டி, சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் சந்தனம் வைத்து, படகுத்துறைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திப் படைப்பார்கள். இந்துக் குதிரை, கிறிஸ்தவக் குதிரை, முஸ்லிம் குதிரை என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது, எல்லாவற்றுக்கும் பொரிகடலை உண்டு. செசிலி தன் குதிரையைப் பச்சையோடு கொண்டுவந்து வரிசைக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். இதுதான் கடைசி, இன்றைக்கும் பிடிக்கவில்லை என்றால் விலைக்குக் கேட்டிருக்கிற ஆளுக்குக் குதிரையைக் கொடுத்துவிடலாம் என்று அவளும் காஜா பாயும் பேசி வைத்திருந்தார்கள்.

வெல்லத்தை எடுத்துக்கொண்டு "சாந்தி" என்று கூப்பிட்டாள். குதிரை வடக்கே பார்த்தது.

வடமேற்கே இல்லை, வடக்கே. செசிலி குதிரையைப் பார்த்தாள், பொன்னுத்தாயி செசிலியைப் பார்த்தாள், படைத்துக்கொண்டிருந்தவர்கள் சூடத்தைக் கொளுத்தாமல் நின்றார்கள். வடக்கே இருப்பது பழநி, அந்தப் பக்கத்து ஆட்கள் மலைக்குப் பஸ் ஏறுகிற இடம்.

"இன்னொரு பேரு சொல்லுத்தா" என்றாள் பொன்னுத்தாயி.

"கங்கா" என்றாள், குதிரை பழநிப் பாதையைப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்து "மோகினி" என்றாள். மலைப்பாதையின் வளைவுகளுக்குத் தக்கபடி முகம் கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமும் ஆடி ஆடித் திரும்பியது. "தேவி" என்றாள்; பெருமாள்மலையைப் பார்த்தது. "பைரவி" என்றாள், வெள்ளிநீர் அருவியைப் பார்த்தது. ஒவ்வொரு பேருக்கும் நடுவே அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், கூடியிருந்தவர்களும் அப்படியே நின்றார்கள், சவாரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட எதற்கென்று தெரியாமலே பேச்சை நிறுத்திவிட்டார்கள். புதைத்த இடம் பஸ் ஏறி வராது. சூசை உயிரோடு இருந்தான், உயிரோடு மலையேறிக்கொண்டிருந்தான். செசிலி குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டாள்.

பொன்னுத்தாயி அடுப்பை விட்டுவிட்டு வந்து, ஏரித் தண்ணீரில் முந்தானையை நனைத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள், தலையைக் கையாலேயே கோதிவிட்டு, படைக்க வைத்திருந்த மாலையிலிருந்து ஒரு முழம் பிய்த்து வைத்துவிட்டாள்.

"வேணாங்க்கா" என்றாள் செசிலி.

"சும்மா நில்லு."

"நரைச்சிருச்சேக்கா."

"அவனுக்கு மட்டும் நரைக்காமயா இருக்கும்? சும்மா நில்லுங்கிறேன்."

"ரதி" என்று செசிலி கூப்பிட்டாள். குதிரை மூஞ்சிக்கல்லைப் பார்த்தது. "கோகிலா" என்றாள், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தது. "அல்லி" என்றாள், ஏழு ரோடு சந்திப்பைப் பார்த்தது, பிறகு ஏரிக்கு இறங்குகிற ரோட்டைப் பார்த்தது. அதன்பிறகு அவள் சொன்ன ஒவ்வொரு பேருக்கும் குதிரையின் முகம் ஏரியின் எதிர்க்கரையோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஒரு ஆள் நடக்கிற வேகம் அது, அவசரமில்லாத வேகம். அவளுக்கு அந்த நடை தெரியும்.

எதிர்க்கரையில் விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. குடைகளும் சைக்கிள்களும் குரங்குத்தொப்பிகளும் மூடுபனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தன, அதில் யார் வேண்டுமானாலும் சூசையாக இருக்கலாம். ஒரு இடத்துக்கு வந்ததும் குதிரையின் முகம் நின்றது. நேர் எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம். செசிலி ஒரு பேர் சொன்னாள், முகம் அசையவில்லை. இன்னொரு பேர் சொன்னாள், அசையவில்லை. அவன் நின்றுகொண்டிருந்தான். அக்கரையிலிருந்து பார்த்தால் ஆள் முகம் தெரியாது, ஆனால் நிறம் தெரியும், அதுவும் கிளிப்பச்சை மழையிலும் தெரியும். அவள் கையை உயர்த்தவில்லை, கூப்பிடவில்லை. அவன் பார்க்கட்டும் என்று பச்சை கட்டிய குதிரைக்குப் பக்கத்தில் நேராக நின்றாள். இத்தனை வருஷமும் அவள் கேட்க நினைத்ததெல்லாம், ஏன் போனாய், எங்கே சாப்பிட்டாய், யார் துணி துவைத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. வந்தால் முதலில் காப்பி கொடுப்பதா, செருப்பைக் கழற்றி அடிப்பதா என்றுகூட அவள் தீர்மானித்திருக்கவில்லை. வரட்டும், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ரொம்ப நேரம் கழித்து இன்னொரு பேர் சொன்னாள். குதிரையின் முகம் நகர்ந்தது, வந்த வழியே திரும்பி நகர்ந்தது.

காஜா பாய்தான் முதலில் பதறினார். "போறான்மா. ஏறு. குதிரையை விட்டீனா அதுவே கொண்டுபோயி அவன் முன்னால நிறுத்தும். சீக்கிரம் ஏறு, நான் பிடிச்சுக்கிறேன்."

மற்றவர்களும் ஏறு ஏறு என்றார்கள். குதிரைகூட ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. செசிலி சேணத்தின் மேல் ஒரு கையை வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது, பிறகு இறங்கியது.

"அவருக்கு வழி தெரியும் பாய்" என்றாள். "ஏரியைச் சுத்தி ஒரே ரோடுதான்."

அவள் தொடர்ந்து பேர் சொல்லிக்கொண்டிருந்தாள், குதிரை ஏழு ரோடு சந்திப்பைப் பார்த்தது, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தது, மூஞ்சிக்கல்லைப் பார்த்தது, பெருமாள்மலையைப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச தூரம் வழியனுப்பப் போகிறவர்கள் தெருமுனைவரை நடப்பார்களே, அதுபோல அவள் ஒவ்வொரு பேராகச் சொல்லி அவனை மலையடிவாரம்வரை கொண்டுபோய் விட்டாள். குதிரையின் முகம் மறுபடி வடக்கே அசையாமல் நின்றபோது அவளிடம் சொல்வதற்குப் பேர்கள் தீர்ந்துபோயிருந்தன.

அதன்பிறகு அவள் பச்சையை அவிழ்த்தாள். நெற்றிப்பட்டையைக் கழற்றினாள், கடிவாள வாரைக் கழற்றினாள், சேணத்தை இறக்கி விரிப்பை உருவினாள், பிடரிப் பின்னலைப் பிரித்து ரிப்பனை எடுத்துச் சுருட்டினாள். எல்லாவற்றையும் மடித்துக் காஜா பாய் கையில் கொடுத்து, யாராவது புதுசாக வந்தால் இந்த நிறத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். செம்பழுப்பு உடம்போடு குதிரை வெறுமனே நின்றது, முதல்நாள் போலவே நின்றது, இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடிந்தது.

கையில் ஒட்டிக்கொண்டிருந்த வெல்லத்தை நீட்டி, "செவ்வந்தி" என்று கூப்பிட்டாள்.

குதிரை வடக்கிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. கையில் மூக்கை வைத்து முகர்ந்தது, வெல்லத்தைத் தின்றது, தின்று முடித்தபிறகும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. பேர் பிடித்தால் கைதட்டுவது வழக்கம், அன்றைக்கு யாரும் தட்டவில்லை. சூடத்தைக் கொளுத்திப் பொரிகடலை கொடுத்தார்கள். உன் வீட்டுக்கு என்ன கலரும்மா என்று காஜா பாய் கேட்டதற்குக் கத்தரிப்பூ நிறம் என்றாள். அந்த நிறம் வரிசையில் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

செவ்வந்தி இப்போதும் ஏரிக்கரையில் நிற்கிறது, நல்ல குணம், சின்னப் பிள்ளைகளைத் தைரியமாக ஏற்றலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவரைத்தான் பார்க்கும், கபர்ஸ்தானையும் சிங்கப்பூரையும் பார்ப்பதெல்லாம் அன்றோடு நின்றுபோயிற்று. ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் ஒரு காது மட்டும் வடமேற்கே பார்த்தபடி நிற்கும். சவாரி வருகிறவர்கள் காதில் ஏதோ கோளாறு என்று சொல்வார்கள், அது அப்படித்தான் என்பாள் செசிலி. சாயங்காலம் கத்தரிப்பூ வாரைக் கழற்றி உடம்பு முழுவதையும் தேய்த்துவிடும்போது அந்தக் காதையும் மெதுவாகத் தடவிக்கொடுப்பாள்; இந்தப் பக்கம் திருப்பிவிட மட்டும் மாட்டாள்.